கிருமி போன பிறகும் ஆறாத இரைப்பை: ஒரு நிகழ்வு ஆய்வு

இரைப்பையில் குடியேறி அழற்சியை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு மூன்று முறை மருந்து முழுதாகச் சாப்பிட்டும் வயிற்று உபாதை தீராமல், நான்காவது முறைக்குச் சீட்டு எழுதப்பட்ட நிலையில் என்னிடம் வந்த ஒரு பெண்ணின் நிகழ்வு இது. அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

விரிவாக எழுதக் காரணம் உண்டு. மலப் பரிசோதனை ‘இல்லை’ என்கிறது, ரத்தப் பரிசோதனை ‘இருக்கிறது’ என்கிறது, மூச்சுப் பரிசோதனையும் ‘இருக்கிறது’ என்கிறது, பயாப்ஸி ‘இல்லை’ என்கிறது. இப்படி ஒரு கோப்போடு வருகிறவர்களை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். அந்த அறிக்கைகளைப் பொறுமையாகப் படித்தால் பெரும்பாலும் எதுவும் பொய் சொல்லியிருக்காது. ஒவ்வொரு பரிசோதனையும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எல்லாவற்றையும் ‘கிருமி உண்டா இல்லையா’ என்ற ஒரே கேள்விக்கு இழுக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. கூடவே தேவையில்லாத ஆன்டிபயாடிக்கும் வருகிறது.

வந்தவர்

வயது 48. ஈரோடு பக்கம் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறார். பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. தைராய்டு சுரப்புக் குறைவுக்குப் பல ஆண்டுகளாகத் தைராக்சின் எடுக்கிறார். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை. வலி மாத்திரை பழக்கம் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். மூட்டுவலி, இடுப்புவலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள்தான் ஆறாத இரைப்பை அழற்சிக்குப் பல பேரிடம் கிடைக்கும் விடை. இவரிடம் அது இல்லை.

தொல்லை தொடங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும். மேல்வயிற்றில் கனம், ஓயாத ஏப்பம், காலையில் குமட்டல். எடை 6 கிலோ இறங்கியிருந்தது. நெஞ்செரிச்சல் உண்டா என்றேன். “எரிச்சல்னு பெருசா இல்லீங்க, கல்லு வெச்ச மாதிரி கனம்தானுங்க” என்றார். இந்தப் பதில் பின்னால் முக்கியமானது.

கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: “கிருமி இருக்குதுங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க டாக்டர்.”

அவர் அப்படிக் கேட்டதற்குப் பின்னால் ஒரு வேதனை இருந்தது. எச்சில் வழியாகப் பரவும் கிருமி என்று யாரோ சொன்னதிலிருந்து வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டிருக்கிறார். கல்லூரிக்குப் போகும் மகளுக்குத் தன் கையால் ஒரு வாய் ஊட்டுவதையும் நிறுத்திவிட்டார். வயிற்றுக் கனத்தைவிட இதுதான் அவரை அதிகம் வாட்டியது.

கோப்பில் இருந்தது

முதல் எண்டோஸ்கோபியில் ஆன்ட்ரம் என்கிற இரைப்பையின் கீழ்ப்பகுதி சிவந்திருந்தது. அங்கிருந்து ஒரு துளி திசுவை எடுத்து, கிருமி சுரக்கும் நொதியைக் காட்டும் யூரியேஸ் கிட்டில் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் நிறம் சிவப்பாக மாறியிருக்கிறது, அதாவது பாசிட்டிவ். பயாப்ஸிக்கு எதுவும் அனுப்பவில்லை. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும், அமாக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கும் சேர்ந்த கிட் 14 நாட்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு வேளை விடாமல் சாப்பிட்டிருக்கிறார்.

ஆறு வாரம் கழித்து மலத்தில் ஆன்டிஜென், அதாவது கிருமியின் புரதத்தைத் தேடும் பரிசோதனை: நெகட்டிவ். ஆனால் அந்தச் சமயத்திலும் பான்டோபிரசோல் ஓடிக்கொண்டிருந்தது.

உபாதை போகவில்லை. நாலைந்து மாதம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போக, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஐஜிஜி எதிர்ப்பொருளை ரத்தத்தில் பார்த்திருக்கிறார்கள்: பாசிட்டிவ். கிருமி போகவில்லை என்று முடிவாகி, லெவோஃப்ளாக்ஸசின் சேர்த்த இரண்டாவது கிட்.

அப்புறம் கோவையில் மூச்சுப் பரிசோதனை. 4-க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்று கணக்கிடும் முறையில் இவருக்கு 7.4. மூன்றாவது சிகிச்சையாகப் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் எல்லாம் சேர்த்து 14 நாட்கள். நாக்கில் தகரம் நக்கிய ருசி, கறுத்த மலம், விடாத குமட்டல். அதையும் முடித்தார்.

அதற்குப் பின் மறுபடி எண்டோஸ்கோபி. ஆன்ட்ரத்திலிருந்து இரண்டு துண்டு. யூரியேஸ் நெகட்டிவ், பயாப்ஸியில் ‘லேசான நாட்பட்ட அழற்சி, கிருமி காணப்படவில்லை’. சரி, முடிந்தது என்று நினைத்தால், உறுதிப்படுத்த எடுத்த மூச்சுப் பரிசோதனை மறுபடி பாசிட்டிவ்: 5.9. நான்காவது சிகிச்சைக்கு ரிஃபாபுட்டின் எழுதப்பட்டிருந்தது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினின் நெருங்கிய உறவு அது. காசநோய் இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் அந்த வகை மருந்தைத் தொடும் முன் கிருமி உண்மையிலேயே இருக்கிறது என்று இரண்டு முறை உறுதி செய்துகொள்ள வேண்டும். சீட்டை நிறுத்தி வைத்தேன்.

உடம்பு சொன்னது

கோப்பு பெரிதாக இருக்கும்போது ஆளைப் பார்ப்பது குறைந்துவிடுகிறது. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெளிறியிருந்தது. நாக்கு மழமழவென்று, சொரசொரப்பே இல்லாமல் இருந்தது. இரண்டு கைகளிலும் விரல் முட்டிகளின் மேல் மட்டும் தோல் கறுத்திருந்தது. சாமான் தேய்ப்பதால் என்று அவரே விளக்கம் வைத்திருந்தார். நம் நிறத் தோலில் பி12 குறைவு இப்படித்தான் பல சமயம் முகம் காட்டும்.

தையல் வேலை எப்படிப் போகிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். மெஷினின் மிதிப்பலகையில் கால் இருப்பதே சில நேரம் தெரிவதில்லை, குனிந்து பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது என்றார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கால் பெருவிரலில் வைத்தேன். அதிர்வு தெரியவில்லை. கணுக்காலில் மங்கலாகத் தெரிந்தது. இந்த மரப்புக்கும் கோப்பில் ஒரு குறிப்பு இருந்தது: மெட்ரோனிடசோலின் பக்கவிளைவு. அந்த மருந்து நரம்பைப் பாதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் கேட்டுப் பார்த்ததில், மரப்பு அந்த மருந்துக்கு முந்தியே தொடங்கியிருக்கிறது.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.6. சிவப்பணுவின் சராசரி அளவு 84, அதாவது ‘நார்மல்’. இந்த நார்மல் ஏமாற்றக்கூடியது. இரும்புக் குறைவில் சிவப்பணு சிறுத்துப்போகும், பி12 குறைவில் பெருத்துப்போகும். இரண்டும் சேர்ந்தால் சராசரி நடுவில் வந்து நிற்கும். அளவுகளின் சிதறலைக் காட்டும் எண் 21 என்று ஏறியிருந்ததுதான் காட்டிக்கொடுத்தது. இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 7. பி12 118 பிகோகிராம்; 200-க்குக் கீழே போனாலே குறைவு. தைராக்சின் அளவு 75 மைக்ரோகிராமில் தொடங்கி 150 வரை ஏறியும், மருந்து போதவில்லை என்று காட்டும்படி டிஎஸ்ஹெச் 9-ல் நின்றது.

சைவம் சாப்பிடுகிறவர், பி12 குறையத்தானே செய்யும் என்று இதற்கு முன்பே ஒருவர் சொல்லி, ஃபோலிக் அமிலம் சேர்ந்த ரத்த டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு இது கவலையான விஷயம். பி12 இல்லாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் ஏறினால் ரத்தம் ஓரளவு தேறியது போலத் தெரியும். நரம்புச் சேதம் அது பாட்டுக்கு முன்னேறும். சைவ உணவு பி12 குறைவுக்குக் காரணமாகலாம். ஆனால் பாலும் தயிரும் தினமும் சாப்பிடுகிறவருக்கு 118-ம், கூடவே இரும்புக் குறைவும், ஏறிக்கொண்டே போகும் தைராக்சின் அளவும் வந்தால் உணவைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. உணவிலுள்ள இரும்பு கரைய அமிலம் வேண்டும், உணவின் புரதத்திலிருந்து பி12 பிரிந்து வர அமிலம் வேண்டும், தைராக்சின் மாத்திரை சரியாகக் கரையவும் அமிலம் வேண்டும். மூன்றும் ஒரே ஆளிடம் தவறும்போது, இந்த இரைப்பையில் அமிலம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது.

அறிக்கைகளை மறுபடி படித்தல்

ஐஜிஜி பரிசோதனையை முதலில் ஒதுக்கிவிடலாம். இந்தக் கிருமியை உடம்பு எப்போதாவது சந்தித்ததா என்பதுதான் அதன் கேள்வி. கிருமி செத்த பிறகும் எதிர்ப்பொருள் மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் ரத்தத்தில் ஓடும். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று வழிகாட்டு நெறிகள் எல்லாமே சொல்கின்றன. இவருக்கு இரண்டாவது ஆன்டிபயாடிக் இதை வைத்துத்தான் கொடுக்கப்பட்டது.

மல ஆன்டிஜெனும் பயாப்ஸியும் கிருமியையே தேடுகின்றன, யூரியேஸ் கிட் அதன் நொதியைத் தேடுகிறது. ஆனால் பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரை ஓடும்போது கிருமி எண்ணிக்கையில் குறையும், ஆன்ட்ரத்தை விட்டு மேலே ஏறிவிடும். அதனால் இருந்தும் இல்லை என்று காட்டலாம். கேஸ் மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கையும் பிஸ்மத்தையும் நான்கு வாரமும் நிறுத்திய பிறகுதான் இந்தச் சோதனைகளை நம்பலாம். ஆக, இவருடைய முதல் ‘நெகட்டிவ்’ முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. அதை வைத்து மட்டும் கிருமி போய்விட்டது என்று சொல்லியிருக்க முடியாது.

மூச்சுப் பரிசோதனையில்தான் முடிச்சு. கார்பன்-13 சேர்த்த யூரியாவைக் குடிக்க வைத்து, அரை மணி நேரம் கழித்து ஒரு பையில் ஊதச் சொல்கிறோம். பைலோரி கிருமி யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கும். அந்த நொதி யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும். குறியிட்ட கார்பன் மூச்சில் வந்தால் பாசிட்டிவ். நல்ல சோதனை, சிகிச்சைக்குப் பின் பார்க்க இதைவிட வசதியானது குறைவு. ஆனால் அது அளப்பது யூரியேஸை. கிருமியை நேரடியாகப் பார்ப்பதில்லை. இயல்பான இரைப்பையில் அமிலம் மற்றக் கிருமிகளைப் பெரும்பாலும் கொன்றுவிடுவதால், அங்கே யூரியேஸ் என்றால் பைலோரிதான் என்று எடுத்துக்கொள்கிறோம். அமிலம் வற்றிய இரைப்பையில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். வாயிலிருந்தும் குடலிலிருந்தும் வரும் வேறு பாக்டீரியாக்கள் அங்கே சுகமாகக் குடியிருக்கும். அவற்றில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ், கிளெப்சியெல்லா மாதிரி யூரியேஸ் சுரப்பவையும் உண்டு. மூச்சில் வரும் கார்பனுக்கு அது யாருடைய யூரியேஸ் என்று தெரியாது.

அப்படி வரும் பொய் பாசிட்டிவ் பெரும்பாலும் எல்லைக் கோட்டை ஒட்டியே நிற்கும். உண்மையான தொற்றில் பொதுவாக எண் இதைவிட நன்றாக மேலே போகும். 7.4-ம் 5.9-ம் அதனால்தான் எனக்கு உறுத்தின. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் படித்தால் இந்த உறுத்தல் வராது. அறிக்கையில் எண் இருந்தால் எண்ணைப் படியுங்கள் என்று பயிற்சி மருத்துவர்களிடம் ஓயாமல் சொல்கிறேன்.

மறுபடி எண்டோஸ்கோபி

கேஸ் மாத்திரையை நிறுத்தினோம். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் நிறுத்தினால் அமிலம் திடீரென்று பொங்கி, முதல் வாரத்திலேயே எரிச்சல் தாங்காமல் போன் செய்வார்கள். அவசரத்துக்கு என்று ஆன்டாசிட் எழுதிக் கொடுத்திருந்தேன். இவர் பாட்டிலைத் திறக்கவே இல்லை. நிறுத்தியதால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றார். இல்லாத அமிலத்தைக் குறைக்கத்தான் இரண்டு ஆண்டும் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் எடுத்தோம். மூச்சுப் பரிசோதனை 6.8, மறுபடியும் பாசிட்டிவ். மல ஆன்டிஜென் நெகட்டிவ், இந்த முறை நம்பத்தக்க நெகட்டிவ்.

எண்டோஸ்கோபியில் ஆன்ட்ரம் கிட்டத்தட்ட இயல்பாக இருந்தது. குழாயை மேலே இழுத்து இரைப்பையின் உடல்பகுதிக்கு வந்தபோதுதான் படம் மாறியது. அங்கே இருக்க வேண்டிய தடித்த மடிப்புகள் இல்லை. காற்றை நன்றாக ஊதி விரித்தும், காற்றைக் குறைத்தும் பார்த்தேன். சளிப்படலம் வெளிறி மெலிந்து, அதற்கு அடியில் ஓடும் ரத்த நாளங்கள் கிளை கிளையாகத் தெரிந்தன. பைலோரியால் வரும் தேய்வு பெரும்பாலும் கீழே ஆன்ட்ரத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறும். இது தலைகீழ்: கீழே தப்பித்திருக்கிறது, மேலே அழிந்திருக்கிறது.

ஐந்து இடங்களில் திசு எடுத்து, இடத்துக்கு ஒரு குப்பி என்று தனித்தனியாக அனுப்பினேன். ஆன்ட்ரத்தில் இரண்டு, உடல்பகுதியில் இரண்டு, இடையிலுள்ள வளைவில் ஒன்று. இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1990-ல் சிட்னியில் வகுத்து, 1994-ல் ஹூஸ்டனில் திருத்திய முறை. நெரிசலான நம் எண்டோஸ்கோபி அறைகளில் ஆன்ட்ரத்தில் இரண்டு கிள்ளு கிள்ளிவிட்டு வெளியே வருவது பழக்கமாகிவிட்டது. ஐந்து குப்பி என்றால் நோயாளிக்குச் செலவும் கூடும், நியாயமான தயக்கம்தான். ஆனால் சிகிச்சை கொடுத்தும் ஆறாத இரைப்பைக்கு இந்தச் செலவு, பலிக்காத இன்னொரு ஆன்டிபயாடிக் கிட்டைவிடக் குறைவான நட்டம்.

ஆன்ட்ரத் துண்டுகளில், நாட்பட்ட அழற்சியில் தங்கிவிடும் வெள்ளையணுக்களான நிணஅணுக்கள் லேசாகச் சிதறியிருந்தன. கிருமியோடு சண்டை நடக்கும்போது வந்து குவியும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒன்றுகூட இல்லை. உடல்பகுதித் துண்டுகளில் நிணஅணுக்கள் அடியாழம் வரை இறங்கிச் சுரப்பிகளைத் தின்றிருந்தன. அமிலம் சுரக்கும் பரைட்டல் செல்களைக் காணவே காணோம். அவை இருக்க வேண்டிய இடத்தில் ஆன்ட்ரத்துச் சுரப்பி போன்ற மாற்றுச் சுரப்பிகளும், ஓரிடத்தில் குடல் வகைத் திசுவும் முளைத்திருந்தன. ஹார்மோன் செல்கள் வரிசை வரிசையாகப் பெருகியிருந்தன, கட்டியாகவில்லை. கிருமியைத் தனியாகக் காட்டும் இம்யூனோ சாயம் போட்டும் ஐந்து இடத்திலும் பைலோரி இல்லை. பரைட்டல் செல்லுக்கு எதிரான எதிர்ப்பொருள் பாசிட்டிவ். அமிலத்தைச் சுரக்கத் தூண்டும், அமிலம் குறைந்தால் ஏறும் காஸ்ட்ரின் ஹார்மோன் வெறும் வயிற்றில் 1,140; சாதாரணமாக 100-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. கேஸ் மாத்திரையும் காஸ்ட்ரினை ஏற்றும் என்பதால் நிறுத்திய பிறகு எடுத்த இந்த எண்ணுக்குத்தான் மதிப்பு. பி12-ஐக் குடலில் ஏற்ற உதவும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் நெகட்டிவ். அது இருந்தால் நோய் உறுதி, இல்லாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது.

ஆட்டோஇம்யூன் இரைப்பை அழற்சி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த அமிலச் செல்களையே தாக்கும் நோய். தைராய்டையும் இதேபோல் தாக்கும் நோய் உள்ளவர்களிடம், அதிலும் பெண்களிடம், இது கூடவே வரும்.

ஏன் ஆறவில்லை

இவருடைய இரைப்பையில் இரண்டு அழற்சிகள் இருந்தன. இதைப் பிரித்துப் பார்க்காததுதான் இவ்வளவு அலைச்சலுக்கும் காரணம்.

ஆன்ட்ரத்தில் இருந்தது பழைய தொற்றின் மிச்சம். மழை விட்டும் தூவானம் விடாது என்பது இரைப்பைக்கு அப்படியே பொருந்தும். கிருமி செத்தவுடன் நியூட்ரோஃபில்கள் சீக்கிரம் கலைந்துவிடும். நிணஅணுக்கள் போக ஓராண்டு, அதற்கு மேலும் ஆகலாம். சிகிச்சை முடித்த சில மாதத்தில் பயாப்ஸி எடுத்து ‘நாட்பட்ட அழற்சி’ என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த அறிக்கையில் தேட வேண்டிய விவரம் நியூட்ரோஃபில் இருக்கிறதா என்பது. கிருமி உயிரோடு இருக்கும் இரைப்பையில் அவை பெரும்பாலும் இருக்கும். நியூட்ரோஃபிலும் இல்லை, தகுந்த நேரத்தில் எடுத்த சோதனையில் கிருமியும் இல்லை என்றால், மீதமிருக்கும் நிணஅணுக்களுக்கு மருந்து தேவையில்லை. காலம் போதும்.

உடல்பகுதியில் இருந்தது வேறு நோய். அதற்கும் ஆன்டிபயாடிக்குக்கும் சம்பந்தமே இல்லை. எத்தனை கிட் சாப்பிட்டாலும் அது அசையாது, மூச்சுப் பரிசோதனையும் பாசிட்டிவாகவே வந்துகொண்டிருக்கும்.

இடத்தை வைத்து இரைப்பை அழற்சியைப் பிரிப்பது புதிதல்ல. ஸ்ட்ரிக்லண்டும் மெக்காயும் 1973-லேயே, உடல்பகுதியைத் தாக்குவது ஏ வகை, ஆன்ட்ரத்தைத் தாக்குவது பி வகை என்று பிரித்தார்கள். பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் 1982-ல் பைலோரியை வளர்த்தெடுத்ததற்கு முன்பே நடந்தது அது. கிருமி கிடைத்த பிறகு பி வகைக்குக் காரணம் தெரிந்தது, 2005-ல் நோபல் பரிசும் வந்தது. அந்த வெளிச்சத்தில் ஏ வகை ஓரத்துக்குப் போய்விட்டது. ஜப்பானில் ஹமாமட்சு நகர மருத்துவர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதே விஷயத்தைத்தான் பேசுகிறது: பைலோரி சிகிச்சை இரண்டும் அதற்கு மேலும் ‘தோற்றுப்போன’ நோயாளிகளிடையே, உண்மையில் ஆட்டோஇம்யூன் இரைப்பை அழற்சி உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தோற்றதாக நினைத்த சிகிச்சை அவர்களிடம் தோற்கவே இல்லை.

இவருக்கு முதலில் வந்த தொற்று உண்மைதானா? உண்மை என்றே நினைக்கிறேன். ஆன்ட்ரத்தில் யூரியேஸ் பாசிட்டிவ், பிறகு ஐஜிஜி பாசிட்டிவ், ஆன்ட்ரத்தில் ஆறிக்கொண்டிருக்கும் அழற்சி மூன்றும் ஒத்துப்போகின்றன. முதல் கிட்டிலேயே கிருமி போயிருக்க வேண்டும். பைலோரியின் சில புரதங்கள் பரைட்டல் செல்லில் உள்ள அமிலப் பம்பின் புரதத்தை ஒத்திருப்பதால், கிருமியை அடிக்கப் புறப்பட்ட எதிர்ப்புச் சக்தி தன் செல்லையே அடிக்கத் தொடங்குகிறது என்று ஒரு கருத்து உண்டு. இவரிடம் அப்படித்தான் நடந்ததா என்று சொல்ல முதல் எண்டோஸ்கோபியில் உடல்பகுதித் திசு எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்பதால் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

சிகிச்சையும் பிறகும்

ரிஃபாபுட்டின் சீட்டு ரத்து. கேஸ் மாத்திரை நிரந்தரமாக நிறுத்தம். பி12 1,000 மைக்ரோகிராம் ஊசி, முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். இரும்பு மாத்திரை அமிலமில்லாத வயிற்றில் சரியாக ஏறாது என்பதால் சிரை வழியாக ஏற்றினோம். தைராக்சினை விடியற்காலை வெறும் வயிற்றில், வேறு எதனோடும் சேர்க்காமல் எடுக்கச் சொல்லி, தைராய்டு மருத்துவரிடம் காரணத்தை எழுதி அனுப்பினேன்.

எட்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1. நாக்கில் சொரசொரப்பு திரும்பிவிட்டது, விரல் முட்டிக் கறுப்பு வெளுத்துக்கொண்டிருக்கிறது. கால் மரப்பு பாதிதான் குறைந்திருக்கிறது. மிதிப்பலகை தெரிகிறது, பெருவிரலில் அதிர்வு இன்னும் தெரியவில்லை. நரம்பு இவ்வளவு நாள் காத்திருந்ததற்கு முழுதாகத் திரும்பும் என்று அவருக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை.

வயிற்றுக் கனம் குறைந்திருக்கிறது, போகவில்லை. அமிலம் வற்றிய இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். மூன்று வேளையை ஐந்தாக உடைத்து, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறார். 4 கிலோ ஏறியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை நிறுத்தும் மருந்து இன்று நம்மிடம் இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். ஒரு நோய் தீரும் என்று மூன்று முறை நம்ப வைக்கப்பட்டவருக்கு, தீராது ஆனால் சமாளிக்கலாம் என்ற உண்மை பாரமாகத் தெரியவில்லை. “இப்பத்தானுங்க ஒரு தெளிவு வந்திருக்குது” என்றார்.

தனித் தட்டு வேண்டாம் என்று மகளையும் உட்கார வைத்துச் சொன்னேன். பைலோரி பெரும்பாலும் சிறு வயதில்தான் ஒட்டிக்கொள்கிறது. இவரிடம் இப்போது கிருமியே இல்லை. மகளுக்கு வயிற்றுத் தொல்லை எதுவும் இல்லாததால் பைலோரி சோதனை எழுதவில்லை. தைராய்டும் பி12-ம் மட்டும் பார்க்கச் சொன்னேன்.

இந்த நோயில் இரைப்பையில், பெருகும் ஹார்மோன் செல்களிலிருந்து எழும் சிறு நியூரோஎண்டோகிரைன் கட்டிகளும், குறைந்த அளவில் புற்றுநோயும் வர வாய்ப்பு உண்டு. ஓரிடத்தில் குடல் வகைத் திசு இருப்பதையும் சேர்த்துப் பார்த்து, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எண்டோஸ்கோபி என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குள் எடை குறைந்தாலோ மலம் கறுத்தாலோ காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு ஆபத்து பாக்கி இருந்தது. நாளைக்கே வயிறு கனக்கிறது என்று வேறு ஊரில் ஒரு மருத்துவரிடம் போவார். அவர் மூச்சுப் பரிசோதனை எழுதுவார், அது மறுபடி பாசிட்டிவாகத்தான் வரும், நான்காவது கிட் தொடங்கும். அதனால் கோப்பின் முதல் பக்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, லேமினேட் செய்து கொடுத்திருக்கிறோம்: ‘இவருக்கு ஆட்டோஇம்யூன் இரைப்பை அழற்சி, அமிலம் சுரப்பதில்லை. பைலோரிக்கு மூச்சுப் பரிசோதனையும் யூரியேஸ் கிட்டும் இவரிடம் நம்பத்தக்கவை அல்ல. சந்தேகம் வந்தால் மல ஆன்டிஜென், ஐந்து இடப் பயாப்ஸி. பி12 ஊசியை நிறுத்த வேண்டாம்.’